பற்றறிக்குக் கூடாது

கதிரையைத் துடைக்கிறார் பரமலிங்கம். தான் இருக்கிற கதிரையை இல்லை, மற்றதை. காலையில் விழுந்த வேப்பம்பூவும் காகம் வைத்துவிட்டுப் போனதும் அதில் கிடக்கும். பழைய சாரத்துண்டை நனைத்து, முதுகுப்பக்கம், கைபிடி, நாலு கால் என்று ஒன்றும் விடாமல் துடைத்து, உள்ளங்கையால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, தன் கதிரைக்கு நேரே இரண்டு முழம் தள்ளிப் போடுவார். கிட்டப் போட்டால் வருகிறவர்கள் கூச்சப்படுவார்கள். எட்டப் போட்டால் கைபேசியை எடுத்துவிடுவார்கள். கதைக்கிற தூரம் இரண்டு முழம் என்பது அவர் கண்டுபிடித்த விஞ்ஞானம்.

யாழ்ப்பாண நகரில் பண்ணைப் பாலத்துப் பக்கம் போகிற வீதியில், மாநகர சபையின் வாகனத் தரிப்பிடத்து மூலையில், பச்சைத் தகரக் கூரையின் கீழ் இரண்டு பெட்டிகள் நிற்கின்றன. மின்சார வாகனங்களுக்குக் கறண்ட் ஏற்றுகிற பெட்டிகள். ஒன்று ஆளுயரம். ஒரு காரை ஊர்போய்ச் சேர்கிற அளவுக்கு இருபது நிமிடத்தில் ஏற்றிவிடும். மற்றது இடுப்புயரம். அதே வேலைக்கு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் எடுக்கும். இரண்டையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று சபை விளம்பரம் போட்டபோது பதினொரு பேர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது பரமலிங்கத்துக்கு. ‘மின்னேற்று நிலையப் பொறுப்பாளர்’ என்று சட்டைப்பையில் அட்டை குத்தியிருக்கிறது. பெயர்தான் நீளம். நடுப்பகலிலிருந்து மாலை ஏழு மணி வரைக்கும் வருகிற வாகனத்துக்கு வயரைக் கொழுவ வேண்டும், ஏறினதும் கழற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. தெல்லிப்பழைக்காரர். முப்பத்து மூன்று வருடம் மின்கம்பம் ஏறுகிற லைன்மன் வேலை பார்த்தவர். “எங்கடை பக்கத்திலை நான் ஏறாத போஸ்ற் இல்லை” என்பார். மாரி காலத்தில் கறண்ட் நின்றால் சனம் முதலில் தட்டுவது அவர் வீட்டுப் படலையைத்தான். சோற்றில் கை வைத்தபடி எழும்பிப் போயிருக்கிறார். “மனிசனை ஒரு வாய் தின்ன விடுதுகள் இல்லை” என்று அப்போது புறுபுறுத்த மனிதர்தான். ஓய்வுபெற்ற பிறகும் கொஞ்சக் காலம் வந்து தட்டினார்கள். பிறகு முறைப்பாட்டுக்கு ஒரு தொலைபேசி இலக்கம் வந்தது. இப்போது எல்லோரும் அதற்குத்தான் அடிக்கிறார்கள்.

வீட்டில் தனி ஆள். மனைவி பத்மாவதி சுகமாக இருக்கிறார், நோர்வேயில். மகன் சுபாஸ்கரனின் முதல் பிள்ளைப்பேற்றுக்கு என்று ஆறு மாதத்துக்குப் போனவர். ஆறு மாதம் ஒரு வருடமாகி, அந்தப் பிள்ளை தத்தித் தத்தி நடக்கத் தொடங்க இரண்டாவது வந்துவிட்டது. “ரெண்டாவதும் பள்ளிக்கூடம் போனாப்பிறகு வாறனெண்டு சொல்லுறா. மூண்டாவதை நினைக்கத்தான் எனக்குப் பயமாக்கிடக்கு” என்று சிரிப்பார் பரமலிங்கம். சிரிப்பு வாயோடு நின்றுவிடும். பின்னேரங்களில் சிலவேளை அவரே நோர்வேக்குப் போன் எடுப்பார். அங்கே மத்தியானம். ஒன்று அழும், மற்றது இடுப்பில் இருக்கும். “பொறுங்கோப்பா, பேந்து எடுக்கிறன்” என்று பத்மாவதி வைத்துவிடுவார். அதற்குப் பிறகும் கைபேசியைப் பைக்குள் போடாமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார் இவர்.

நோர்வேக்கு அவரும் போனார். மூன்று மாத விசா. இரண்டாம் மாதமே திரும்பி வந்துவிட்டார். குளிர் ஒத்துவரவில்லை என்று ஊரில் சொன்னார். உண்மைக் காரணத்தை யாகப்புவிடம் மட்டும் சொன்னார். யாகப்பு வீதிக்கு அந்தப்பக்கத்து ஓட்டோ தரிப்பிடத்தில் நிற்பவர், ஓட்டம் இல்லாத நேரத்தில் வந்து தேத்தண்ணி குடிப்பவர்.

“அங்கை ரோட்டிலை ஓடுறது முழுக்கக் கறண்ட் கார் யாகப்பு. சத்தமில்லை, புகையில்லை, எல்லாம் திறம். மகன்ரை வீட்டு யன்னலுக்கு நேரை உப்பிடி ரெண்டு பெட்டி நிண்டது. ஒருத்தன் வருவான். தானே கொழுவுவான். காருக்கை போய் இருந்து கண்ணாடியைப் பூட்டிப்போட்டுப் போனை நோண்டுவான். மற்றப் பெட்டியடியிலை இன்னொருத்தன். ஆளை ஆள் திரும்பிப் பாக்கிறேல்லை. வீட்டிலை பத்மாவுக்குப் பிள்ளையளோடை சரி. நான் யன்னலாலை உவையைப் பாத்துக்கொண்டே இருந்தன். மண்டைக்கை ஏதோ செய்யத் தொடங்கிட்டுது. வெளிக்கிட்டு வந்திட்டன்.”

நேர்முகத் தேர்வில் இந்தக் கதையின் முதல் பாதியைத்தான் சொன்னார். நோர்வேயில் மின்னேற்றுப் பெட்டியைக் கண்ணால் கண்டவர், அதுவும் பழைய லைன்மன் என்றதும் சபைக்காரருக்கு மறுபேச்சில்லை.

சபையைக் குறை சொல்லக் கூடாது. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற ஊர் இது. அந்தக் கால்வலி பலருக்கு இன்னும் போகவில்லை. இனி ஒருதரம் அப்படி நிற்கக் கூடாது என்று சபை மெய்யாகவே நினைத்தது. மின்சார வாகனங்களுக்குத் தரிப்பிடம் சும்மா, முதல் ஆறு மாதம் கறண்டும் சும்மா என்று அறிவித்தது. ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று சந்தி சந்தியாகப் போய்ப் புகையில்லாத நகரத்தைப் பற்றிச் சொன்னது. அந்த ஓட்டோ கக்கிய புகையை யாகப்பு நடித்தே காட்டுவார். ஒரு ஞாயிறு பேரணியும் நடந்தது. மாலை போட்ட கார் நாலு, ஸ்கூட்டர் பதினேழு, முன்னால் தவில் நாதஸ்வரம். திட்டத்துக்குப் பொறுப்பு சிவதர்ஷன் என்ற இளம் பொறியியலாளர். துண்டுப்பிரசுரத்தைச் சந்தைக்குள், கோயில் வாசலில், பள்ளிக்கூடப் பெற்றார் கூட்டத்தில் என்று தானே கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று மாதம் போயும் கார்கள் கூடவில்லை. “ஏன் ஐயா சனம் மாறுதில்லை?” என்று பரமலிங்கத்திடம்தான் வந்து கேட்டார். “சனமெண்டா அப்பிடித்தான் தம்பி, ஆறுதலாத்தான் மாறும்” என்றார் பரமலிங்கம், வீதியைப் பார்த்துக்கொண்டு.

காரணம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

காரொன்று உள்ளே திரும்பினால் பரமலிங்கம் எழும்பி நின்றுவிடுவார். “வாங்கோ வாங்கோ. எவ்வளவு மிச்சம் கிடக்கு?” வந்தவர் பெரிய பெட்டியைக் காட்டுவார். உடனே இவருடைய முகம் நாடி பிடித்த பரியாரியின் முகமாக மாறும். “போடலாம். போட்டாப் பற்றறிக்குக் கூடாது.” பெட்டியின் தலையில் ஒருதரம் தட்டிக் காட்டுவார். “உது அடிச்சு ஏத்திற சாமான். பசியிலை வந்த பிள்ளையை வாயைப் பிடிச்சுச் சோத்தை அடையிற மாதிரி. ரெண்டு வரியத்திலை பற்றறி படுத்திடும். பேந்து புதுசு போட வளவை விக்கவேணும். நாங்கள் ஆறுதலா ஏத்துவம், இருங்கோ.” கறண்டோடு ஆயுளைக் கழித்த மனிதர் சொன்னால் யார் மறுப்பது? சின்னப் பெட்டியின் வயரைக் கொழுவிவிட்டு, வந்தவரை அந்தத் துடைத்த கதிரையில் இருத்தி, சுடுதண்ணிப் போத்தலிலிருந்து தேத்தண்ணியை ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவார். பிறகு ஆள் எழும்ப முடியாது.

அதை முழுப்பொய் என்றும் சொல்ல ஏலாது. நாள் தவறாமல் வருடக்கணக்காக வேகமானதிலேயே போட்டால் பற்றறி கொஞ்சம் தளரும் என்று பயிற்சி வகுப்பில் சிவதர்ஷனே சொன்னதுதான். அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லைப் பரமலிங்கம் வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

நன்றாகக் கதைப்பார் மனிதர், அதையும் சொல்லவேண்டும். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நின்று வருடக்கணக்கில் வராமல் இருந்ததைச் சொல்லத் தொடங்கினால், கேட்கிறவர் தேத்தண்ணியை ஆறவிட்டுவிடுவார். “அப்பவும் நான் லைன்மன்தான். கறண்ட் இல்லாத ஊரிலை கறண்ட்காரன். சைக்கிளைக் கவிட்டு வைச்சு மிதிச்சு றேடியோ கேட்ட சனம். என்னை ரோட்டிலை கண்டா மறிச்சு, எப்ப அண்ணை வருமெண்டு கேப்பினம், நான் என்னவோ சேட்டுப் பொக்கற்றுக்கை வைச்சிருக்கிற மாதிரி.” கேட்கவும் தெரிந்தவர். எந்த ஊர், யாருடைய மகன், தாய்க்குக் கால் வருத்தமா, தங்கைக்குப் பொருத்தம் சரிவந்ததா என்று விசாரித்து, அடுத்தமுறை அந்த ஆள் காரை நிறுத்த முன்னமே “அம்மாவின்ரை கால் எப்பிடி?” என்று தொடங்குவார். பெற்ற பிள்ளைகளே கேட்க மறந்ததை இவர் கேட்டார் என்று கண்கலங்கிய ஆட்களும் உண்டு.

வெள்ளிக்கிழமைகளில் காலையிலேயே தொண்டைமானாற்றுக்குப் போய்விடுவார், செல்வச்சந்நிதி முருகனிடம். பக்தி பாதி, பந்தி பாதி. அன்னதானப் பந்தியில் யாரோ ஒருவருக்கும் வேறு யாரோ ஒருவருக்கும் இடையில் இருந்து சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து பஸ் மாறி மாறி நேரே வேலைக்கு வருவார். “அண்டைக்கு எண்டாச் சாப்பாடு செமிக்கும்” என்பார். மற்ற நாட்களில் காலைச் சாப்பாட்டை அடுப்படியில் நின்றபடியே முடித்துவிடுகிறவர். ஒரு கோப்பைக்கு மேசை எதற்கு என்று கேட்பார்.

அவருடைய வாய்ச்சொல் ஊருக்குள் பரவியது. கறண்ட் கார் வாங்கினால் இரண்டு மணித்தியாலம் காயவேண்டும் என்று தேநீர்க்கடைகளில் பேசிக்கொண்டார்கள். யாகப்பு ஒருநாள் வந்து சொன்னார்: “அண்ணை, எங்கடை மச்சான் கறண்ட் கார் எடுக்கவெண்டு இருந்தவன். இஞ்சை வந்து நிண்டு பாத்திட்டு, உவ்வளவு நேரம் ஆர் காயிறதெண்டு பெற்றோல் காருக்கு அச்சவாரம் குடுத்திட்டான்.” பரமலிங்கம் “ஓமோ” என்றார். பிறகு, “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ?” என்று போத்தலைத் திறந்தார். மனது உறுத்தியது. ஆனால் வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு ஏழு மணி வரைக்கும் இருப்பதைவிட அந்த உறுத்தல் பரவாயில்லை என்று இருந்துவிட்டார்.

உதயகலா வரத் தொடங்கியது அந்த நாட்களில்தான். கரவெட்டியில் வீடு, நகரில் ஒரு வங்கியில் வேலை. கணவர் கட்டாரில். கார் பத்து வருடப் பழசான யப்பான் மின்சாரக் கார், வாங்கும்போதே பற்றறி கிழடு. கரவெட்டியிலிருந்து நகருக்கு வரத் தாராளம், திரும்பிப் போகக் காணாது. ஒருமுறை வல்லை வெளியில், சுற்றிவர ஒரு வீடு வாசல் இல்லாத காற்றுக்குள், திரையில் சிவப்பு விளக்கு எரிய எரிய நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உருட்டிப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அதிலிருந்து நாலரைக்கு வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவார். ஆறேகால் வரைக்கும் இருப்பார். வாரத்தில் ஐந்து நாள்.

பரமலிங்கத்துக்கு அது திருவிழாக் காலம். நாலு மணியிலிருந்தே கேற்றைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். தட்டைவடை வாங்கி வைப்பார். உதயகலா வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறவர். அந்தச் சிரிப்பு வரவேண்டும் என்பதற்காகவே பழைய கதைகளை பஸ்ஸில் வரும்போது ஒருதரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, சரிப்படாத இடங்களை மாற்றிக்கொண்டு வருவார். உதயகலாவுக்கு வினோஜா என்று ஒரு மகள் இருப்பதும், நாலாம் வகுப்புப் படிப்பதும், நெல்லியடியில் ரியூசனுக்குப் போவதும் இவருக்குத் தெரியும். ரியூசன் எத்தனை மணிக்கு முடியும் என்பதை மட்டும் இவர் கேட்கவில்லை. எல்லாரிடமும் எல்லாம் கேட்கிற மனிதர் அதைக் கேட்காமல் விட்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை. கோப்பாயில் போஸ்றின் உச்சியில் நின்றபோது கீழே ஏணியை யாரோ கொண்டுபோன கதை உச்சக்கட்டத்தில் இருந்தது. உதயகலாவின் ஒரு கையில் தேத்தண்ணி, மறுகையில் வடை. மடியில் கிடந்த கைபேசி அடித்தது. வழமையாக எழும்பித் தள்ளிப் போய்க் கதைக்கிறவர், அன்றைக்குக் கை இல்லாததால் சின்னவிரலால் தட்டி ஒலிபெருக்கியில் விட்டார்.

“அம்மா, வகுப்பு முடிஞ்சுது. மிஸ் கேற்றைப் பூட்டிப்போட்டுப் போட்டா. நான் பாண்கடையடியிலை நிக்கிறன்.”

“கடைக்கார அங்கிளின்ரை போனோ? சரி செல்லம், கொஞ்சம் நில்லுங்கோ. பற்றறி ஏறுது.”

“நேற்றும் உதைத்தான் சொன்னனீங்கள்.”

“கெதியா வந்திடுவன்.”

பிறகு பிள்ளை சொன்னது: “இஞ்சை ஒரு ஆள் கேக்கிறார், உனக்கு வீடு வாசல் இல்லையோ எண்டு.”

“அவர் பகிடிக்குக் கேக்கிறாரம்மா.”

“எனக்குத் தெரியும். எண்டாலும் ஒவ்வொரு நாளும் கேக்கிறார்.”

தொடர்பு அறுந்தது. உதயகலா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, “சொல்லுங்கோ ஐயா, பிறகு?” என்றார். பரமலிங்கம் ஏணிக் கதையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டார்.

“பிள்ளை ஒவ்வொரு நாளும் நிக்கிறாவோ?”

“ஓம் ஐயா. அஞ்சே முக்காலுக்கு முடியும். நான் போய்ச் சேர ஏழு மணியாகும். முதல் ரெண்டு கிழமை அழுதவள். இப்பப் பழகீட்டாள்.” காரைத் திரும்பிப் பார்த்தார் உதயகலா. “என்ன செய்யிறது? வேகமானதிலை போட்டுப் பற்றறி போனா மாத்த எங்களாலை ஏலாது. நீங்கள் சொன்னபடியாத் தப்பினன்.”

நன்றியோடு சொன்னார். அதுதான் பரமலிங்கத்தை அடித்தது. கறண்ட் அடித்த மனிதர் அவர், இரண்டுதரம் போஸ்றிலிருந்து விழுந்தவர், இப்படி ஒரு அடி பட்டதில்லை என்று பிறகு யாகப்புவிடம் சொன்னாராம். ஒன்பது வயதுப் பிள்ளை இருட்டுப்படுகிற நேரத்தில் கடைவாசலில் நின்று வருகிற கார் ஒவ்வொன்றையும் தாயின் காரோ என்று பார்ப்பது அவருக்குக் கண்முன்னே தெரிந்தது. தானும் நாலு மணியிலிருந்து கேற்றைப் பார்க்கிறவர்தானே. பார்க்கிறவனின் நெஞ்சு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

எழும்பினார். சின்னப் பெட்டியின் வயரைக் கழற்றினார். பெரிய பெட்டியின் தடித்த வயரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து காரில் பூட்டினார். பெட்டி பெருமூச்சு விட்டது போல் இரைந்து வேலையைத் தொடங்கியது.

“ஐயா, அது வேகமானதெல்லோ?”

“ஓம். எட்டு நிமிசம் காணும். நீங்கள் வெளிக்கிடலாம்.”

“அப்பப் பற்றறி?”

“ஒண்டும் செய்யாது.”

“நீங்கள்தானே கூடாதெண்டு சொன்னனீங்கள்?”

“ஓம் பிள்ளை. பொய் சொன்னனான்.”

உதயகலாவுக்கு விளங்கவில்லை. “ஏன்?” என்று கேட்டார். கோபம் இன்னும் வரவில்லை, வெறும் திகைப்புத்தான்.

பரமலிங்கம் பெட்டியின் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஆறுதலானதிலை போட்டா இருப்பீங்கள். இருந்தாக் கதைக்கலாமெண்டு.”

உதயகலா பாதிக் குடித்த தேத்தண்ணியைக் கதிரைக்குக் கீழே வைத்தார். வடையை அதன் தாளிலேயே சுற்றித் திருப்பி வைத்தார். காருக்குள் போய் இருந்து கண்ணாடியை உயர்த்தினார். எட்டு நிமிடம் முடிந்து வயரைக் கழற்றினபோதும் அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த நாள் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. வெள்ளிக்கிழமை சிவதர்ஷன் வந்தார், ஏன் சனம் மாறவில்லை என்ற அதே கேள்வியோடு. “நான்தான் தம்பி காரணம்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் பரமலிங்கம். கதிரையை இரண்டு முழத்தில் போட்டதைக் கூட மறைக்கவில்லை. வெயிலில் துண்டுப்பிரசுரம் கொடுத்துக் கறுத்துப்போயிருந்த அந்தப் பொடியனுக்கு வாய் திறந்தபடி நின்றது. வேலையை விட்டுப் போகச் சொல்லுவார் என்று பரமலிங்கம் அட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சிவதர்ஷன் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சனம் உங்கடை வாயைத்தான் ஐயா நம்புது. நீங்கள் கெடுத்ததை நீங்களே சொல்லித் திருத்துங்கோ” என்றார்.

திருத்தினார். வருகிற ஒவ்வொருவரிடமும் “நான் முந்திச் சொன்னது பிழை. இருபது நிமிசம் காணும். பற்றறிக்கு ஒண்டும் செய்யாது” என்றார். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். அதையும் நின்று கேட்டார். யாகப்புவின் தரிப்பிடத்துக்கும் தானே கடந்துபோய்ச் சொன்னார். இருபது நிமிடம் என்ற செய்தி, இரண்டு மணித்தியாலம் என்ற செய்தி பரவிய அதே தேநீர்க்கடைகளால் பரவியது. இரண்டு மாதத்தில் கார்கள் வரிசையில் நிற்கத் தொடங்கின. சபையின் கூட்டத்தில் திட்டம் வெற்றி என்று வாசித்தார்களாம். சிவதர்ஷன் லட்டுப் பெட்டியோடு வந்து முதல் லட்டைப் பரமலிங்கத்தின் கையில் வைத்தார்.

வருகிறவர்கள் இப்போது இறங்குவதில்லை. இருபது நிமிடத்துக்கு யார் இறங்குவது? கண்ணாடியை உயர்த்தி, குளிரூட்டியைப் போட்டு, கைபேசியை எடுத்துக்கொள்கிறார்கள். இவர் கொழுவுகிறார், கழற்றுகிறார். ஒருவர் போக அடுத்தவர் வருகிறார். முன்னெல்லாம் நாளைக்கு மூன்று கார், இப்போது பதினெட்டு. அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவருடைய தாயின் கால் எப்படியென்றும் அவருக்குத் தெரியாது. நோர்வேயை விட்டு ஓடிவந்த மனிதரைத் தேடி நோர்வேயே பண்ணைப் பக்கம் வந்துவிட்டது. “சபைக்குச் சந்தோசம், சனத்துக்குச் சந்தோசம். எனக்குத்தான் யாகப்பு, ஏழு மணிக்கு வாயைத் திறந்தா நாத்தமடிக்குது, நாள் முழுக்கப் பூட்டிக்கிடந்து” என்றார். யாகப்பு பதில் சொல்வதற்குள் ஓர் ஓட்டம் வந்துவிட்டது.

உதயகலா மறு வாரமே வரத் தொடங்கிவிட்டார். வேறு வழி இல்லை அவருக்கு. கண்ணாடி உயர்ந்தே இருக்கும். பரமலிங்கமும் கிட்டப் போவதில்லை. கொழுவிவிட்டு, பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார், தன் முகம் உதயகலாவுக்குத் தெரியக் கூடாது என்பது போல. ஏறினதும் கழற்றுவார். கார் போகும். அன்றைக்கு ரியூசன் கேற்றில் தாய் முதலில் நிற்பாள், பிள்ளை பிறகு வெளியே வரும் என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பு அவருக்கு ஆறுதல் தரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் போதவுமில்லை.

இப்படி மூன்று மாதம் போயிருக்கும். ஒருநாள் பின்னேரம் ஐந்து மணி. வீதியில் தீவுப்பக்கம் போகிற பஸ்களும் வேலை விட்டுப் போகிற மோட்டார் சைக்கிள்களும் இடைவிடாமல் ஓடுகிற நேரம். உதயகலாவின் கார் ஏறி முடிந்தது. வயரைக் கழற்றிக்கொண்டு பரமலிங்கம் திரும்ப, கதவு திறந்தது. உதயகலா இறங்கி நின்றார். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவர் இறங்கியது அன்றைக்குத்தான்.

“ஏன் ஐயா ஒண்டும் கதைக்கிறேல்லை?”

பரமலிங்கம் வயரைப் பெட்டியில் கொழுவுகிற சாட்டில் திரும்பாமல் நின்றார்.

“எனக்குக் கோபம்தான்” என்றார் உதயகலா. “இப்பவும் கிடக்கு. எண்டாலும் நீங்கள் உப்பிடி ஒளிச்சு நிக்கிறதைப் பாக்க ஏலாமக்கிடக்கு. ஒரு பத்து நிமிசம் இருந்திட்டுப் போறன். அவள் பத்து நிமிசம் நிண்டாப் பரவாயில்லை.”

கதிரை துடைத்து வைத்தபடி நிழலில் கிடந்தது. உதயகலா அதை நோக்கி ஓரடி வைத்தார். பரமலிங்கம் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

“நேரம் அஞ்சு மணியும் ரெண்டு நிமிசமும் பிள்ளை. வல்லை வெளியிலை காத்தெண்டா இன்னும் அஞ்சு நிமிசம் கூடவரும். அவள் அஞ்சே முக்காலுக்கு வந்திடுவாள்.”

“பத்து நிமிசம்தானே ஐயா.”

“வேண்டாம். அவள் நிக்கப்படாது. ஏறுங்கோ.”

உதயகலா காரில் ஏறினார். கார் கேற்றடியில் போய் நின்றது. வலப்பக்கம் திரும்ப வேண்டும். வாகனங்கள் விடவில்லை. ஒரு நிமிடம் போனது.

பரமலிங்கம் கேற்றைத் தாண்டி நடந்தார். ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவால் நேரே வீதியின் மையத்துக்குப் போய், வருகிற பஸ்ஸுக்கு முன்னால் வலக்கையைத் தூக்கி நின்றார். பிறேக் கிறீச்சிட்டு பஸ் நின்றது. பின்னால் எல்லாம் நின்றன. “என்ன அப்பு, ரோட்டை வாங்கிப்போட்டியோ?” என்று கண்டக்டர் வெளியே தலையை நீட்டினான். பரமலிங்கம் அவனைப் பார்க்கவில்லை. இடக்கையால் காரைப் பார்த்துப் போ, போ என்று காட்டினார். கார் திரும்பியது, நேராகியது, சந்தியைக் கடந்து மறைந்தது. பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்தான். கார் போன பக்கத்தையே பார்த்து நின்ற பரமலிங்கம் தூக்கிய கையை இறக்கவில்லை.